விலங்கு வாசனை கலந்த பழைய பெர்ஃப்யூம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பெர்ஃப்யூம் குப்பி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது கெட்டுப்போச்சா, இல்லை இப்படித்தான் இருக்குமா?" கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பல ஆண்டுகளாக இவற்றைப் போட்டுப் பார்த்து, மணிக்கணக்காகக் குறித்து வைத்துக் கற்றதிலிருந்து பதில் சொல்கிறேன். 'பழைய' என்று நான் சொல்வது ஏறக்குறைய 1990க்கு முன் நிரப்பப்பட்ட குப்பிகளை.

விலங்கு வாசனை என்று எதைச் சொல்கிறீர்கள்?

விலங்கின் உடலிலிருந்து கிடைத்த நான்கு பொருட்கள் இதற்கு அடிப்படை. ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள பையில் ஊறுவது கஸ்தூரி. புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது புனுகு. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் வாலடிப் பையில் இருப்பது காஸ்டோரியம். நான்காவது அம்பர்கிரிஸ், பழைய பெயர் மீனம்பர். செய்திகளில் 'திமிங்கில வாந்தி' என்று வருவது இதுதான், ஆனால் அது வாந்தி இல்லை. ஸ்பெர்ம் திமிங்கிலம் விழுங்கும் கணவாய்களின் அலகு செரிக்காமல் குடலை உறுத்த, அதைச் சுற்றி உருவாகும் கட்டி அது. வெளியே வரும்போது கறுப்பாக, சாண வாடையோடு இருக்கும். கடலில் ஆண்டுக்கணக்கில் மிதந்து வெயிலும் உப்பும் பட்டுச் சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகுதான் அதன் மணம் பிறக்கிறது.

நான்கும் ஒரே மாதிரி மணப்பதில்லை. கஸ்தூரியில் தூங்கி எழுந்தவரின் உச்சந்தலைச் சூடு இருக்கும். நீர்க்காத புனுகு நேரடியாக மல வாடைதான். நூறில் ஒரு பங்காக ஆல்கஹாலில் நீர்த்துவிட்டால் அதே புனுகு பூக்களுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக நிற்கும். காஸ்டோரியத்தில் பதப்படுத்திய தோல், புகை, கொஞ்சம் தார். அம்பர்கிரிஸ் இவற்றில் மிகவும் மென்மையானது: உப்புக்காற்று, உலர்ந்த மரம், புகையிலை.

விலங்கே இல்லாமல் விலங்கைப் போல மணப்பவையும் உண்டு. கஸ்தூரி வெண்டையின் விதை பெயருக்கேற்றபடி கஸ்தூரி வாசனை தரும். கோஷ்ட வேரில் பல நாள் கழுவாத தலைமுடியின் வாடை. சீரகத்தில் வேர்வை. தேன்மெழுகில் தேனும் சிறுநீரும் சேர்ந்த ஒன்று. லாப்டானம் என்ற பிசினை முற்காலத்தில் மத்தியதரைக்கடல் தீவுகளில் புதர்களுக்குள் மேய்ந்த ஆடுகளின் தாடியிலிருந்து சீவி எடுத்தார்கள். இந்த லாப்டானத்தையும் வனிலாவையும் சேர்த்துச் செய்யும் இனிப்பான கலவையைத்தான் பெர்ஃப்யூம் உலகில் 'ஆம்பர்' என்கிறார்கள். அதற்கும் திமிங்கிலத்துக்கும் தொடர்பில்லை. பெயர்க்குழப்பத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

முகர்ந்ததும் குமட்டியது. கெட்டுவிட்டதா, இதுதான் அதன் குணமா?

முக்கியமான கேள்வி என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய தமிழில் நாற்றம் என்றால் மணம். பூவுக்கும் நாற்றம் இருந்தது. இன்று அந்தச் சொல் மூக்கைப் பொத்தவைப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது. போகட்டும், வாடைகளைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் இன்னும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. குமட்டியதும் 'நாறுது' என்று நிறுத்தாதீர்கள். என்ன வாடை என்று ஒரு சொல் தேடுங்கள்.

மொச்சை வாடை, வேர்வை, ஈரமுடி, தொழுவம், குதிரைச் சேணம், பழைய தோல்பை, புழுங்கிய படுக்கை. இவை வாயில் வந்தால் பெரும்பாலும் அது அந்தப் பெர்ஃப்யூமைச் செய்தவர் தெரிந்தே உள்ளே வைத்தது.

எண்ணெய்ச் சிக்கு, காடிப் புளிப்பு, நெயில் பாலிஷ் ரிமூவர், டர்பென்டைன் நெடி, நனைந்த அட்டைப்பெட்டி, துருப்பிடித்த இரும்பு. இவை வந்தால் அது காலம் செய்த வேலை.

காலம் முதலில் தின்பது மேல்தளத்தை, அதாவது போட்டதும் முதலில் எழும் வாசனையை. பெர்கமாட், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள டெர்பீன்கள் காற்றுப் பட்டுச் சிதைந்து பெயின்ட் கடை நெடியாகின்றன. அதனால்தான் குப்பியின் வாயில் மூக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. அங்கே இருப்பது கெட்டுப்போன எலுமிச்சை மட்டும். அதன் அடியில் ஒரு முழுப் பெர்ஃப்யூம் நலமாக இருக்கக்கூடும். கஸ்தூரி, புனுகு, சந்தனம், பிசின்கள் எல்லாம் கனமான மூலக்கூறுகள். அவை அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை.

ஆகவே தோலில் ஒரு சொட்டு வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கால்மணி, அரைமணியில் நெடி ஓய்ந்து பூக்கள் எழுந்தால், மேல்தளம் மட்டும்தான் போயிருக்கிறது, குப்பி பிழைத்தது. இரண்டு மணி நேரம் கழித்தும் சிக்கும் புளிப்பும் அப்படியே இருந்து, பூ இருக்கவேண்டிய இடம் வெற்றாக இருந்தால், நடுத்தளமும் போய்விட்டது. அதை வருத்தத்தோடு ஒதுக்கிவைக்க வேண்டியதுதான்.

இன்னொரு அடையாளம்: கெட்ட வாடை அசையாது. முதல் நிமிடம் எப்படியோ அப்படியே தேய்ந்து மறையும். விலங்கு வாசனை நகரும். காகிதத்தில் அருவருப்பாக இருந்தது தோலில் உருண்டு இதமாகும். காணாமல் போனதுபோல் இருந்து, உடம்பு சூடானதும் திரும்பி வரும்.

நிறம் கறுத்துவிட்டது, அடியில் வண்டல் இருக்கிறதே?

நிறத்தை வைத்துப் பயப்படாதீர்கள். வனிலினும் மல்லிகையில் உள்ள இண்டோலும் நாளடைவில் திரவத்தைக் கறுக்கச் செய்யும். அது வேதியியல், அழுகல் இல்லை. வண்டல் பெரும்பாலும் இயற்கைப் பிசின். குலுக்காமல் மேலே உள்ளதை மட்டும் எடுங்கள்.

மல்லிகையில் இருப்பதும் மலத்தில் இருப்பதும் ஒரே பொருள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அந்தப் பொருள் இண்டோல். செறிவாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி. மிகச் சிறிய அளவில் மற்ற பூ மூலக்கூறுகளோடு சேர்ந்தால், அது இல்லாமல் மல்லிகையே மல்லிகையாக இல்லை. புனுகில் இதன் உறவான ஸ்காட்டோல் இருக்கிறது. கிரேக்க மொழியில் மலத்துக்கான சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

அதனால்தான் பழைய பெர்ஃப்யூம் கலைஞர்கள் பூ வாசனைக்கு அடியில் புனுகை வைத்தார்கள். பூவில் ஏற்கெனவே இருக்கும் விலங்கைப் புனுகு தொட்டு எழுப்பும். தம்பூராவைத் தனியாக யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. நிறுத்திவிட்டால் பாட்டு மெலிந்துபோவது மட்டும் உடனே தெரியும். புனுகு எடுக்கப்பட்ட மறுபதிப்புகளை முகரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் தோன்றுகிறது.

முதலில் எவற்றை முகர்ந்து பழகலாம்?

1889இல் எமே கெர்லெய்ன் உருவாக்கிய 'ஜிக்கி'யிலிருந்து தொடங்குவது நல்லது. லாவெண்டரின் குளிர்ச்சி மேலே, வனிலாவும் புனுகும் கீழே. இரண்டும் ஒத்துப்போகாமல் உரசுவதுதான் அதன் அழகு. ஜாக் கெர்லெய்னின் 'ஷாலிமார்' 1925. அதில் வனிலா, தோல், புகை எல்லாம் விலங்கைப் போர்வையாக மூடிவிடுவதால் புதியவர்களுக்கு எளிது.

1930இல் ஆன்ரி அல்மேரா ஜீன் படூ நிறுவனத்துக்குச் செய்த 'ஜாய்' மேலுக்கு மல்லிகையும் ரோஜாவும், அடியில் புனுகு. பூவுக்குள் விலங்கு எப்படி ஒளிந்திருக்கும் என்று கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1944இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா செய்த 'ஃபாம்', பழுத்த பிளம் பழத்தின் தோலும் மனிதத் தோலும் சேர்ந்தது போல இருக்கும். 1989இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது சீரகம் தூக்கலாகிவிட்டது. அதனால் அந்தப் பெயரில் இருவேறு குணங்கள் உலவுகின்றன.

1962இன் 'பால் ஆ வெர்சாய்' முழு வீச்சில் வருவது. அதை நேராகத் தொடவேண்டாம், கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள். 1981இல் இரண்டு வந்தன: ஜாக் போல்ஜின் 'ஆன்டேயஸ்', காஸ்டோரியத் தோல் வாசனை; பியர் பூர்டோனின் 'கூரோஸ்', சோப்பு நுரையும் சிறுநீரும் தேனும் ஒன்றாய். கூரோஸைப் பிடிக்காது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் அந்தச் சுத்தமும் அசுத்தமும் ஒரே மூச்சில் இருப்பது தற்செயலாக வந்ததல்ல என்பதை மட்டும் சொல்வேன். 1998இல் செர்ஜ் லூட்டன்ஸுக்காகக் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் செய்த 'மஸ்க் குப்லாய் கான்' என் வரையறைக்குள் பழையது அல்ல. என்றாலும் கஸ்தூரி என்ற எண்ணத்தை அவ்வளவு முழுமையாகக் காட்டிய நவீனப் பெர்ஃப்யூம் குறைவு.

'மஸ்க்' என்றால் துவைத்த துணி வாசனைதானே? இதில் ஏன் அழுக்கு?

மஸ்க் என்பது கஸ்தூரியின் பெயர்தான். ஆனால் ஆய்வகத்தில் செய்த மலிவான மஸ்க்குகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சலவைத்தூளில் பெருமளவில் சேர்க்கப்பட்டன. துவைத்தாலும் துணியை விட்டுப் போகாதவை என்பதே காரணம். அந்த வாசனையோடு வளர்ந்த நம் மூக்கு, மஸ்க் என்றாலே சுத்தம் என்று கற்றுக்கொண்டது. பழைய குப்பியில் உள்ள கஸ்தூரி அதற்கு முந்தைய பொருள்.

எவ்வளவு போடவேண்டும்? எங்கே?

ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு அடுத்த முறைக்கு.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய செறிவான பெர்ஃப்யூம்களில், அதாவது 'பர்ஃபம்', 'எக்ஸ்ட்ரே' என்று எழுதியிருப்பவற்றில், வாசனைப் பொருளின் பங்கு பொதுவாக 15 முதல் 30 சதவீதம். பாதி காலியான குப்பியில் ஆல்கஹாலும் கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும். ஆகவே நீங்கள் தொடுவது அன்று விற்றதைவிடக் கெட்டியானது. மேல்தள எலுமிச்சையும் தேய்ந்துபோனதால் விலங்கை மறைக்க எதுவும் இல்லை.

இடம்: மணிக்கட்டும் கழுத்தும் எல்லோரும் சொல்வது. விலங்கு வாசனைக்கு எனக்குப் பிடித்த இடங்கள் துணிக்கு உள்ளே: நெஞ்சின் நடு, இடுப்புக்கு மேல், முழங்காலின் பின்பக்கம். அங்கே உடம்புச் சூட்டில் மெல்லப் பழுத்து, துணியின் ஊடாகக் கசிந்து வெளியே வரும். கழுத்தில் போட்டால் உங்கள் மூக்குக்கு அடியிலேயே நின்று, ஒரு மணி நேரத்தில் உங்களுக்கே மரத்துப்போகும். மணிக்கட்டில் வைத்துத் தேய்க்கவேண்டாம். வைத்து விட்டுவிடுங்கள்.

கண்ணாடி மூடியைத் தோலில் தொட்டுத் தொட்டுப் போடும் பழக்கம் பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறையும் தோல் எண்ணெய் குப்பிக்குள் போகிறது. சுத்தமான கண்ணாடிக் குச்சியோ சொட்டானோ பயன்படுத்துங்கள்.

வெளியே கிளம்ப ஒரு மணி நேரம் முன்னதாகப் போடுவது நல்லது. அந்த ஒரு மணி நேரம் கரடுமுரடானது. அதை வீட்டிலேயே கழித்துவிட்டால் பக்கத்தில் அமர்கிறவருக்குக் கிடைப்பது பழுத்த பகுதி. மூடிய அறையில் பலரோடு இருக்கும் நாளில், வாசனையைத் தாங்க முடியாத நோயாளிகள் இருக்கும் இடத்தில், இவற்றைப் போடாதீர்கள்.

வெயிலில் போகும்போது போடலாமா?

வெயில் படும் தோலில் கூடாது. பழைய பெர்ஃப்யூம்களில் உள்ள பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டீன் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கும். அது தோலில் இருக்கும்போது சூரிய ஒளி பட்டால் சிவந்து எரிந்து, சொட்டு வழிந்த வடிவத்திலேயே கருந்தழும்பு விழும். மாதக்கணக்கில் மறையாது. மருத்துவத்தில் இதற்கு பெர்லாக் டெர்மடைட்டிஸ் என்றே தனிப் பெயர் உண்டு. பதக்கம் போலத் தொங்கும் தழும்பின் வடிவத்தால் வந்தது. மஸ்க் ஆம்ப்ரெட் என்ற பழைய செயற்கை மஸ்க்கும் ஒளி பட்டால் தோலை உறுத்தும். அது பின்னாளில் தடை செய்யப்பட்டதற்கு இதுவும், நரம்புகளைப் பாதிப்பதும் காரணங்கள்.

துணிக்குள் மூடிய இடத்தில் போடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். புதிய குப்பி எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பாருங்கள்.

துணியில் போடலாமா?

கறுத்த திரவம் பட்டிலும் வெள்ளைத் துணியிலும் கறை விடும். உள் மடிப்பில் வைத்துப் பாருங்கள். கம்பளித் துணியில் வாரக்கணக்கில் நிற்கும் என்பதால் மறுநாள் வேறு வாசனை போட நினைப்பவர்கள் யோசிக்கவேண்டும்.

காகிதப் பட்டையில் பார்ப்பதா, தோலிலா? எப்படி மதிப்பிடுவது?

இரண்டிலும். காகிதம் பெர்ஃப்யூமின் அமைப்பைக் காட்டும். தோல் அதன் நடத்தையைக் காட்டும். காகிதத்துக்குச் சூடு இல்லை, அதனால் புனுகு அங்கே முரடாகவே நிற்கும். காகிதத்தை மட்டும் முகர்ந்து 'தொழுவம்' என்று எழுதப்பட்ட மதிப்புரைகளை நான் நம்புவதில்லை.

என் முறை இது. காலையில், வேறு எந்த வாசனையும் இல்லாத நாளில், ஒரு கையில் ஒரே ஒரு பெர்ஃப்யூம். பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை. முதல் பதினைந்து நிமிடம் எழுதுவதைத் தனியாக வைக்கிறேன், ஏனென்றால் அது பெர்ஃப்யூமைப் பற்றியது இல்லை, அந்தக் குப்பி எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதைப் பற்றியது. ஒரு மணி நேரத்தில் பூக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிறேன். தனித்தனியாகத் தெரிகின்றனவா, சேர்ந்து ஒரே பூவாகிவிட்டனவா? பழைய நல்ல பெர்ஃப்யூமில் அவை சேர்ந்துவிடும். மூன்றாவது மணி நேரத்தில்தான் விலங்கைத் தேடுகிறேன். அப்போது பூவும் விலங்கும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று பிரிக்க முடியாமல் போனால், அதைச் செய்தவர் பெரிய கலைஞர். பூ போய் விலங்கு மட்டும் தனியாக நின்றால், ஒன்று பூ வயதில் இறந்திருக்கிறது, அல்லது கலவையே சரியில்லை. ஆறு, எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சுவது என் தோலா, பெர்ஃப்யூமா என்று குழப்பம் வரவேண்டும். எனக்கு அந்தக் குழப்பத்துக்காகவே இவை பிடிக்கும்.

மறுநாள் காலை அந்தக் காகிதப் பட்டையை மறக்காமல் முகருங்கள். விலங்கின் உண்மையான முகம் அங்கேதான் தெளிவாக இருக்கும்.

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். வெப்பமான நாள், குளிர்ந்த நாள், தலைக்குக் குளித்த நாள், சளி பிடித்துத் தெளிந்த வாரம் என்று குறைந்தது நான்கு முறை போடுங்கள். முதல் முறை வெறுத்து, நான்காவது முறை கழற்றிவைக்க மனம் வராத பெர்ஃப்யூம்கள் என் அலமாரியில் பல உண்டு. பத்து முறை போட்டும் பிடிக்காதவையும் உண்டு. பிடிக்காமல் போவது உங்கள் மூக்கின் குறை அல்ல. பழகவேண்டும் என்பது கட்டாயமும் அல்ல.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் அதிகம் என்கிறார். எப்படி?

இரண்டு காரணங்கள். முதலாவது, எந்த வாசனையும் தொடர்ந்து அடித்தால் மூக்கு அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பத்து நிமிடம் வெளிக்காற்றில் நின்று, வாசனை படாத உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இரண்டாவது, கஸ்தூரி வகை மூலக்கூறுகள் மிகப் பெரியவை. சிலருடைய மூக்கு சில மஸ்க்குகளைப் பிறவியிலேயே உணர்வதில்லை. ஒன்று தெரியாது, இன்னொன்று நன்றாகத் தெரியும் என்பதும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் தெரியவில்லையே என்று மேலும் மேலும் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. அளவை நம்புங்கள்: ஒரு சொட்டு ஒரு சொட்டுதான்.

அசல் கஸ்தூரியா, செயற்கையா என்று முகர்ந்து சொல்ல முடியுமா?

முடிக்கப்பட்ட பெர்ஃப்யூமில் உறுதியாகச் சொல்வது கடினம். பழையது என்றாலே அசல் என்று விற்பவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். ஆல்பர்ட் பவுர் 1888இல் வெடிமருந்தை ஆராயும்போது தற்செயலாக முதல் செயற்கை மஸ்க்கைக் கண்டார். அதன்பின் வந்த நைட்ரோ மஸ்க்குகள் 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பெர்ஃப்யூம்கள் பலவற்றில் இருக்கின்றன. அசலையும் செயற்கையையும் கலந்து போடுவதே அன்று வழக்கம்.

கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான மஸ்கோனை ஹைன்ரிக் வால்பாம் 1906இல் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைக் கண்டவர் லியோபோல்ட் ருசிச்கா, 1926இல். கஸ்தூரியில் 15 கார்பன் வளையம், புனுகின் சிவெட்டோனில் 17. அத்தனை பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று வேதியியலாளர்கள் நம்பிய காலம் அது. மானும் பூனையும் அதைச் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருந்தன. ருசிச்காவுக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

விலங்கைத் துன்புறுத்தி எடுத்ததை நான் போடலாமா?

இதை மழுப்பாமல் சொல்லவேண்டும். கஸ்தூரிக்காக மான்கள் கொல்லப்பட்டன. ஒரு பையில் கிடைப்பது ஏறக்குறைய 25 கிராம். கண்ணிகளில் கஸ்தூரியே இல்லாத பெண் மான்களும் குட்டிகளும் மாட்டி இறந்தன. புனுகுப் பூனையைக் கொல்வதில்லை. ஆனால் குறுகிய கூண்டில் அடைத்துச் சில நாளுக்கு ஒருமுறை சுரப்பியை வழித்தெடுப்பது அதற்கு வாழ்நாள் வேதனை. காஸ்டோரியத்துக்காகப் பீவர்கள் கொல்லப்பட்டன. அம்பர்கிரிஸ் மட்டும் பெரும்பாலும் கரை ஒதுங்கியதைப் பொறுக்குவது. அதையும் வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. கஸ்தூரி மான்கள் இன்று, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் உள்ளன.

என் நிலை: ஐம்பது ஆண்டுக்கு முன் நிரப்பிய குப்பியை நான் போடுகிறேன். புதிதாக அசல் கஸ்தூரி, அசல் புனுகு என்று சொல்லி விற்கும் எதையும் வாங்குவதில்லை. சிவெட்டோன், மஸ்கோன், அம்பர்கிரிஸுக்கு மாற்றாகக் கிளாரி சேஜ் செடியிலிருந்து செய்யும் அம்ப்ராக்ஸன், கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் எல்லாம் இருக்கும்போது இன்னொரு மான் சாகத் தேவையில்லை. பழைய குப்பியையும் தொடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரை மதிக்கிறேன்.

அதே பெயரில் இன்று வாங்கினால் ஏன் அப்படி இல்லை?

விலங்குப் பொருட்கள் போனது ஒரு காரணம். ஆனால் பலர் நினைப்பதுபோல் அது மட்டும் இல்லை. பெர்ஃப்யூம் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா 1973இல் தொடங்கியது. அதன் விதிகள் தோல் ஒவ்வாமைக்குக் காரணமான பொருட்களை ஒவ்வொன்றாகக் குறைத்தன. பெரிய இழப்பு ஓக்மாஸ் என்ற மரப்பாசி. அதில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த விதியால் விலக்கியது. கோஷ்ட வேரும் ஒவ்வாமையால் விலக்கப்பட்டது. ஈரமண் போன்ற பாசியும், முடி வாடையடிக்கும் வேரும் போன பிறகு விலங்குக்கு உட்கார இடமே இல்லை.

மூன்றாவது காரணம் ரசனை. 1990களில் தண்ணீர், காற்று, சோப்பு என்று மணக்கும் பெர்ஃப்யூம்கள் கொடிகட்டிப் பறந்தன. உடம்பு வாசனையை நினைவூட்டும் எதுவும் கூச்சத்துக்குரியதாயிற்று. சட்டத்தைவிட இதுவே பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

குப்பி எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசனையைவிட அட்டைப்பெட்டி நேர்மையாகப் பேசும். லினலூல், லிமோனீன், கூமரின் என்று ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் நீண்ட பட்டியல் இருந்தால், ஐரோப்பிய விதிப்படி அது 2005ஐ ஒட்டியோ பிறகோ வந்தது. திறந்த ஜாடிப் படமும் மாத எண்ணிக்கையும் அதே காலத்து அடையாளம். பார்கோடே இல்லாத பெட்டி பெரும்பாலும் 1980களின் நடுப்பகுதிக்கு முந்தையது. பெட்டியும் குப்பியும் வேறு வேறு காலத்தவையாக இருக்கலாம் என்பதால் குப்பியின் அடியில் பொறித்ததையும் பாருங்கள்.

கண்ணாடி மூடியின் கழுத்தில் மெல்லிய சவ்வை இழுத்துப் போர்த்தி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தால் அது பழைய முத்திரை முறை. நூல் அறுபடாமல் இருந்தால் யாரும் திறந்து வேறொன்றை ஊற்றவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஒருமுறை நூல் இல்லாத, திரவம் கழுத்துவரை நிரம்பிய அழகான குப்பி ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்தது தண்ணீர் கலந்த வேறு ஏதோ. பல பத்தாண்டுகள் கடந்த, முத்திரையில்லாத குப்பியில் திரவம் கொஞ்சமாவது இறங்கியிருக்கவேண்டும்.

கண்ணாடி மூடி இறுகிவிட்டது.

திருகி இழுக்காதீர்கள், கழுத்து உடையும். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு துளி ஆல்கஹால் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கழுத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் சுற்றி, ஒரு மரக்கரண்டியின் காம்பால் மூடியை இருபுறமும் மெல்லத் தட்டுங்கள். கொதிநீர் வேண்டாம்.

எப்படிப் பாதுகாப்பது?

வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எதிரிகள். பெட்டிக்குள், இருட்டில், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். குளியலறை மிக மோசமான இடம். பாதிக்குக் கீழே இறங்கிய குப்பியில் மேலே உள்ள காற்றே திரவத்தைத் தின்னும். அதைச் சிறிய கண்ணாடிக் குப்பிக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கூடாது.

இவை ஆண்களுக்கா, பெண்களுக்கா?

ஜிக்கியை இருபாலரும் போட்டார்கள். பெட்டியில் எழுதியிருப்பது விற்றவரின் கணிப்பு. உங்கள் தோலில் மூன்றாவது மணி நேரத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

திரவம் வற்றி அடியில் பிசின்போல ஒட்டியிருக்கிறது. ஆல்கஹால் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் தூய எத்தனாலாக இருக்கவேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தன் நெடியால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பிசின் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மூடி, இருட்டில் இரண்டு வாரம் வைத்து நாளுக்கொரு முறை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். எழுந்து வருவது அடித்தளம் மட்டும்: பிசின், வனிலா, மஸ்க், விலங்கு. பூவும் எலுமிச்சையும் திரும்பாது. ஆகவே அதை வைத்து அந்தப் பெர்ஃப்யூமைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். போட்டுக்கொள்ள மிக நன்றாக இருக்கும். என்னிடம் உள்ள அப்படிப்பட்ட ஒரு குப்பியைக் குளிர்ந்த இரவுகளில் தூங்கப்போகும் முன் நெஞ்சில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். விடிந்து எழும்போதும் இருக்கிறது.